கதைக்கு மறுமொழி

(சுண்ணாம்புக்குளத்தில் மாலைக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

வலை காயவைக்கும் திடலில் பாய் விரித்து, பனைமரத்தில் விளக்கு ஒன்றைக் கட்டி, என்னைப் பேச நிறுத்தியிருக்கின்றீர்கள். எதிரே ஏரி இருண்டு கிடக்கின்றது. அதற்கும் அப்பால் விண்கலம் ஏவும் தீவு. எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'சிறுகதையும் படிப்போரும்' என்பது. பேராசிரியர் எவரேனும் வந்திருந்தால், சிறுகதையின் தோற்றம் என்று தொடங்கி வளர்ச்சி என்று தொடர்ந்து இரவு உணவு வேளைக்குள் முடித்திருப்பார். எனக்கு அது வாராது. கதை எழுதினவரைப் பற்றிப் பேச நாட்டில் ஆள் உண்டு. அக்கதையைப் படித்தவன் என்ன சொன்னான், சொல்லாமல் ஏன் இருந்தான், சொன்னபோது என்ன விளைந்தது என்பதைப் பேசுவார்தாம் குறைவு. அதனையே பேசுகின்றேன். ஊடே என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. அதற்காகவே இவ்வூருக்கு மீண்டும் வந்தேன் என்று கொண்டாலும் பிழையில்லை.

மறுமொழி சொல்வது தமிழனுக்குப் புதிதன்று. நக்கீரனைப் பற்றி வழங்கும் கதையை நீங்கள் அறிவீர்கள். இறைவனே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பாட்டை எடுத்துக்கொண்டு, மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்று அவையில் வினவி, நெற்றிக்கண் திறந்த பின்னும் தன் கருத்தினின்று விலகாமல் நின்றான் என்பர். அது நடந்ததா, புனைந்ததா என்பது வேறு. அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த மக்கள், படிப்பவனுக்கு வினவும் உரிமை உண்டு என்று நம்பினார்கள்; அதுதான் நமக்கு வேண்டும். அரங்கேற்றம் என்பதே மறுமொழிக்கென ஏற்பட்ட அமைப்பு. எழுதியவன் படிப்பான், அவை வினவும், எழுதியவன் விடை இறுப்பான், இறுக்க இயலாவிடில் திருத்துவான். அச்சுப்பொறி வந்தபின் அவ்வவை கலைந்து போயிற்று. எழுதுகின்றவன் சென்னையில் ஓர் அறையில் இருந்தான். படிக்கின்றவன் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் தொடர்வண்டியில் இருந்தான். இடையில் இதழாசிரியரும் அஞ்சற்காரரும் நின்றனர். மறுமொழி மடலாகச் சுருங்கியது. மடல் எழுத அறிந்தவர் மட்டும் மறுமொழி சொன்னார்கள். ஏனையோர் படிப்போர் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

மடல்கள் குவிந்த தமிழ்ச் சிறுகதை எது என்று கேட்டால், செயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்றே பலரும் சொல்வர். 1966-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தது. (தீப்புகுதல் என்று தமிழில் தலைப்பிட்டிருக்கலாமே என்று என் நா துடிக்கின்றது. பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்பழக்கத்தைப் பற்றியே பின்னர்ப் பேசப் போகின்றேன்.) மழை மாலையில் பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தியை, மகிழுந்தில் வந்த செல்வ இளைஞன் ஒருவன் ஏற்றிச் சென்று கெடுத்து விடுகின்றான். வீட்டுக்கு வந்து அவள் அழுதபடி சொல்ல, முதலில் பதறிய தாய், பின்பு தன்னைத் தேற்றிக்கொண்டு, மகளின் தலையில் நீரைக் கொட்டி, நீ தூயவள் என்கின்றாள். எவரிடமும் சொல்லாதே என்றும் சொல்கின்றாள். இவ்வளவே கதை.

ஊர் பொறுக்கவில்லை. பாராட்டினோரும் உண்டு, வைதோர் மிகப் பலர். அந்தத் தாய் அவ்வாறு செய்திருக்கலாகாது என்று, முடிவை மாற்றி வேறு கதையாகவே எழுதியவர்களும் இருந்தார்கள். ஆசிரியர் அப்பூசலை அப்படியே விட்டுவிடவில்லை. அந்தத் தாய் ஊரார் விரும்பியவாறே நடந்திருந்தால், கூக்குரலிட்டு நான்கு பேருக்குத் தெரியச் செய்திருந்தால், அம்மகளின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று எண்ணி ஒரு புதினமே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. பின்னர்த் திரைப்படமாகவும் வந்தது. அப்புதினத்தில் கங்கை என்னும் அப்பெண் வளர்ந்து அலுவலில் இருக்கின்றாள். ஒரு கிழமை இதழைப் புரட்டுகின்றாள். அதில் தன் கதையே அச்சாகியிருக்கக் காண்கின்றாள். ஆனால் கதைத் தாய் செய்ததைத் தன் தாய் செய்யவில்லையே என்று வெதும்புகின்றாள். படிப்பவளே கதைமாந்தர் ஆகிவிடுகின்றாள், பாருங்கள்! மடல் எழுதி வைதவர்கள் இல்லையேல் அந்நூல் இல்லை. வைதவர்களுக்கு விடையாகப் பிறந்த நூல்களுள், நான் படித்த வரையில், அதற்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இக்கதையை ஈராண்டுக்கு முன் இதே திடலில் படித்துக் காட்டினேன். கதை முழுதும் ஒரு தனி வகுப்பாரின் பேச்சுவழக்கில் நடக்கின்றது. இடையிடையே நிறுத்திப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. நான் எதிர்பார்த்தது, தாய் செய்தது முறையா என்னும் பழைய வழக்கு மீண்டும் எழும் என்பதே. எழவில்லை. நண்டுக்கூடை பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியார் தலை நிமிராமலே கேட்டார்: வண்டியில் வந்தவன் எந்த ஊர், எவர் மகன், அவனை எவரும் போய்க் கேட்கவில்லையா? நான் வாயடைத்து நின்றேன். அறுபதுகளில் நடந்த அத்தனை பூசலும், நான் அறிந்த மட்டில், தாயையும் மகளையும் பற்றியதாகவே இருந்தது. வண்டிக்காரன் மழையோடு மழையாய்ப் போய்விட்டான். ஊர்மன்றில் வழக்குப் பேசிப் பழகிய கண்ணுக்கு முதலில் தெரிந்தவன் அவன். அம்மூதாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். எந்த இதழின் மடற்பகுதியிலும் அவர் பெயர் வாராது.

அண்ணாவின் 'செவ்வாழை'யையும் படித்திருக்கின்றேன். ஏழை உழவன் ஒருவன் தன் பிள்ளைகள் உண்பதற்காகக் கண்ணென வளர்த்த செவ்வாழைக் குலையைப் பண்ணையார் வீட்டுக்கென்று கொண்டு போகின்றார்கள். பள்ளிப் பாடமாகப் படித்தோர் இரக்கம் கொள்வர். இங்கே இரக்கம் காட்டியவர் இலர், சிரித்தார்கள். முன்பணம் வாங்கிய வலைக்காரனுடைய இறால் கரைக்கு வருமுன்பே வணிகனுடையது ஆகிவிடுகின்றதே, இதில் வாழை என்ன, இறால் என்ன என்றார்கள். ஏலத்தில் விலை கூறுகின்றவன் வேறு, விலையை உறுதி செய்கின்றவன் வேறு என்றும் ஒருவர் விளக்கினார். (ஏலம் என்னும் சொல்லே போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. சொல்லைக் கொடுத்துவிட்டு மீனைக் கொண்டு போனார்கள் போலும்.)

இனி, இவ்வூரோடு பெரிதும் பொருந்துகின்ற ஒரு கதைக்கு வருகின்றேன். அது தமிழ்க் கதையன்று.

அமெரிக்க நாட்டில் செர்லி சாக்சன் என்னும் அம்மையார் ஒரு சிறுகதை எழுதினார். 1948-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் இட்ட நியூயார்க்கர் இதழில் வந்தது. தலைப்பைக் 'குலுக்கல்' என்று தமிழாக்கலாம். ஒரு சிற்றூர். கோடைக் காலையில் ஊரார் அனைவரும் திடலில் கூடுகின்றனர். கறுப்புப் பெட்டி ஒன்று வருகின்றது. குடும்பத்துக்கு ஒரு சீட்டு எடுக்கின்றனர். பயிர் பற்றியும் வரி பற்றியும் இயல்பாகப் பேசிக்கொள்கின்றனர். புள்ளியிட்ட சீட்டு ஒரு குடும்பத்துக்கு விழுகின்றது; அக்குடும்பத்தாருள் மீண்டும் சீட்டு. இறுதியில் அது ஒரு பெண்ணின் கையில் நிற்க, ஊரார் அனைவரும் கல்லெடுத்து அவளை எறிகின்றனர். அவள் சின்ன மகன் கையிலும் கூழாங்கல் கொடுக்கப்படுகின்றது. ஏன் இவ்வழக்கம் என்று ஊராருக்கே தெரியாது. முன்னோர் செய்தார்கள், செய்கின்றோம்.

அக்கோடையில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட மடல்கள் தமக்கு வந்தன என்றும், அவற்றுள் அன்பாக எழுதப்பட்டவை பதின்மூன்றே, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்றும் அவ்வம்மையாரே பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். அவர் தாயார்கூட அக்கதை தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினாராம். பொருள் விளங்கவில்லை என்றோர் சிலர். வெறுமனே வைதோர் சிலர். இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்றுண்டு: இத்தகைய குலுக்கல் எந்த ஊரில் நடக்கின்றது, அங்குச் சென்றால் பார்க்க விடுவார்களா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்கா அக்கதையைத் தடை செய்தது. அவ்வரசு மட்டுமாவது கதையைப் புரிந்துகொண்டது என்று அம்மையார் கருதினாராம். நிறவெறி ஆட்சி நடத்தியவர்களுக்குக் கல்லெறியும் ஊர் எதுவென்று தெரியாமல் போகுமா?

இதனை நான் சென்ற கோடையில் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். ஏன் சொன்னேன்? பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலும் குலுக்கல் உண்டு என்பதனால். கேட்டிராத வெளியூரார்க்காகச் சொல்கின்றேன்; இவ்வுரை அச்சாகும் என்கின்றார்கள். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் வாராது. கடல்நீர் புகும் வாய்க்கு அருகே இறால் மிகுதி. அப்பால் செல்லச் செல்லக் குறையும். வலிமை உள்ளவன் நல்லிடத்தைப் பிடித்துக்கொண்டால் மெலிந்தவன் வீட்டில் உலை ஏறாது. ஆகவே இடங்களைப் பாடு என்று பெயரிட்டு வகுத்து, உரிமையுள்ளோர் இன்ன நாளில் இன்ன பாட்டில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்தார்கள் இப்பகுதி மீனவர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை வேறிடம் போக வேண்டும். எந்தச் சட்டநூலும் கற்பிக்காத நயன்மை இது. வெளிநாட்டு ஆய்வாளரும் வந்து வியந்து எழுதிச் செல்கின்றார்கள்.

கதையைக் கேட்டு முடித்ததும் முதியவர் ஒருவர் சினந்தார். குலுக்கலை இழிவுபடுத்துகின்ற கதை இது. எங்கள் குலுக்கல் சோற்றைப் பங்கிடுகின்றது, அது சாவைப் பங்கிடுகின்றது, இதனை ஏன் எங்களிடம் வந்து படித்தீர் என்றார். நானும் விடாமல் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்து வைத்தேன். முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரவைக்கு ஆள் தேரக் குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குலுக்கலை நன்மைக்குப் பயன்படுத்திய இனம் நாம் என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது.

அப்போது விளக்கொளி எட்டாத இடத்திலிருந்து ஒரு தங்கையார் பேசினார். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியினர். வலையும் இல்லை, படகும் இல்லை. கழுத்தளவு நீரும் கையில் ஒரு கூடையுமே அவர்க்குள்ள கருவி. அவர் சொன்னதை அவர் சொற்களில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கருத்தைச் சொல்கின்றேன். கதையில் வருகின்ற ஊரில், சாவுக்கே ஆயினும், எல்லார் பெயரும் பெட்டிக்குள் இருக்கின்றது. இங்கே எங்கள் பெயர் குடத்துக்குள் இல்லையே, அதைப் பற்றிக் கதை இருக்கின்றதா என்று கேட்டார்.

திடலில் ஒலியே இல்லை. முதியவர் கீழே பார்த்தார். நானும் கீழே பார்த்தேன். நான் முழங்கிய உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே, கால் வேலிக்கு மேல் இறையிறுக்கும் நிலமும் சொந்த மனையும் உடையவன் பெயரன்றோ குடத்துள் போகும் என்று எழுதியிருக்கின்றது? மறை கற்றிருக்கவும் வேண்டும் என்றன்றோ இருக்கின்றது? அப்பகுதியை நான் சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல மாட்டேன். பெருமை பேசும்போது நா தானாகவே அவ்விடத்தைத் தாண்டிச் செல்லப் பழகியிருக்கின்றது.

முந்நூறு மடல் எழுதிய அமெரிக்கருள் எவருக்கும் தோன்றாத மறுமொழி அது என்று நான் நம்புகின்றேன். அம்மடல்கள் பெட்டியைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசின. இவர் பெட்டிக்கு வெளியே நின்றதனால் பெட்டியின் வாயைக் கண்டார். கதை எழுதியவர் உள்ளத்தில் இது இருந்திருக்காது. இல்லாவிடில் என்ன? கதை எழுதியவர் உள்ளத்தில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொள்வதற்குப் படிப்பவன் அஞ்சற்பெட்டியா?

மறுமொழி எல்லாம் நன்மறுமொழி ஆகிவிடுவதில்லை. பாரதியார் 'ஆறில் ஒரு பங்கு' என்னும் சிறுகதையை 1910-இல் நூலாக வெளியிட்டார். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மக்கள் நாட்டில் ஆறில் ஒரு பங்கினர் என்பதே அத்தலைப்பு. வெள்ளையர் அரசு 1911-இல் அதனைத் தடை செய்தது. அரசும் ஒரு படிப்பாளன்தான். சிறைத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவன். வெள்ளையன் போன பின்னும் அப்படிப்பு போகவில்லை. 2015-இல் கரூர்ப் பக்கத்தில் புலியூர் முருகேசன் என்பவர் தம் சிறுகதைத் தொகுப்புக்காக அடிபட்டார். அடித்தவர்கள் அந்நூலை முழுதும் படித்தார்களா என்று கேட்பது வீண். கை ஓங்கியவுடன் படிப்பு முடிந்து போகின்றது.

இதனினும் அரிதான ஒன்றுண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்தினின்று நீக்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாய்ப் போன ஏழை ஒருத்தியின் சீரழிவைச் சொல்லும் நெடுங்கதை. ஒடுக்கப்பட்டோரை இழிவாகக் காட்டுகின்றது என்பது முறையீடு. எழுத்தாளர் பலர் அந்நீக்கத்தை எதிர்த்தார்கள். நானும் எதிர்க்கின்றேன்; ஆனால் எளிதாக எதிர்க்கவில்லை. இழிசொல் யாரைச் சுட்டுகின்றதோ அவர் வகுப்பறையில் இருந்து அதனைக் கேட்க நேரும்போது உள்ளம் எரியாதா? எரிகின்றவரிடம் போய் இலக்கியச் சுவை பேசுகின்றவன் கல்நெஞ்சன். கதையை நீக்காமல், அம்முறையீட்டையும் அக்கதையோடு சேர்த்து அச்சிட்டு, இரண்டையும் படியுங்கள் என்று மாணவர்க்குக் கொடுத்திருக்கலாம். மறுமொழியும் பாடமாகியிருக்கும். கதையை நீக்கியதனால் முறையீடும் மறைந்து போயிற்று. இன்றைய மாணவனுக்கு இரண்டும் தெரியாது.

மீனவரைப் பற்றி எழுதப்படுவதை வெளியூரார் எவ்வாறு படிக்கின்றார்கள் என்பதையும் ஒரு சொல் சொல்லிவிடுகின்றேன். தகழி சிவசங்கரரின் 'செம்மீன்' 1956-இல் மலையாளத்தில் வந்த புதினம். சுந்தர ராமசாமி தமிழாக்கினார். கரையில் மனைவி கற்புத் தவறினால் கடலில் கணவன் மாள்வான் என்னும் நம்பிக்கை அதன் உயிர்நாடி. நகரத்தார் அதனைப் படித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்து, இங்கும் அப்படித்தானா என்று கேட்கின்றார்கள். ஏன், குலுக்கல் எந்த ஊரில் நடக்கின்றது என்று கேட்ட அமெரிக்கர்க்கும் இவர்க்கும் என்ன வேறுபாடு? வலை அறுந்தால் என்ன விலை, ஏரிவாய் மணல் மூடினால் என்ன ஆகும், துறைமுகம் வந்தபின் மீன் எங்கே போயிற்று என்று கேட்பாரைக் காணோம்.

சரி. என் குற்றத்துக்கு வருகின்றேன்.

தனித்தமிழ் உணர்வு இந்நாட்டில் எப்படித் தோன்றியது என்று சொல்வார்கள்? 1916-ஆம் ஆண்டு. மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையோடு இருந்தபோது வள்ளலார் பாட்டொன்றை ஓதினார். அதில் வருகின்ற தேகம் என்னும் சொல்லின் இடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச்சொல் இருந்திருப்பின் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றார். அங்கிருந்து தொடங்கியது. எண்ணிப் பாருங்கள்: ஓர் இயக்கமே ஒரு படிப்பாளன் சொன்ன மறுமொழியினின்று பிறந்திருக்கின்றது! ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அடிகள் அப்பாட்டில் தோய்ந்தவர். வள்ளலாரை உள்ளத்தில் வைத்திருந்தவர். பாட்டு அவர் நெஞ்சில் இனித்ததனால்தான் ஒரு சொல் உறுத்தியது. இனிக்காதவனுக்கு உறுத்த என்ன இருக்கின்றது?

நான் என்ன செய்தேன்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் குப்பத்து இளைஞர் ஒருவர், பெயர் வேண்டா, ஏழு சிறுகதைகளைப் பள்ளிச் சுவடியில் எழுதி எனக்கு அஞ்சலில் விடுத்தார். மூன்று நாள் அமர்ந்து படித்தேன். படித்தேன் என்று சொல்வதும் பொய். சிவப்பு மைக்கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வடசொற்களையும் கொச்சைகளையும் சுழித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. எப்படி நினைவிருக்கின்றது என்றால், அவ்வெண்ணை மேலட்டையில் பெரிதாக எழுதி, கீழே கோடிட்டு அனுப்பினேன். கதைகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. முதற் கதையில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மொழிக்குத் தொண்டு செய்த நிறைவோடு அன்று உறங்கினேன்.

அவர் ஒற்றை வரியில் மடல் எழுதினார்: சரிங்க ஐயா, திருத்திக்கொள்கிறேன். அதன்பின் ஒரு கதையும் எழுதவில்லை.

அச்சுவடியை அவர் தாயார் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருந்தார். சென்ற கோடையில், அந்தத் தங்கையார் கேட்ட கேள்விக்குப் பின், நானே போய்க் கேட்டு வாங்கி வந்தேன். இம்முறை மைக்கோல் இல்லாமல் படித்தேன். நான் சுழித்த இருநூற்றுப் பன்னிரண்டில், எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேற்பட்டவை மீனவர் தொழிற்சொற்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இக்கடற்கரையார் இட்டிருக்கும் பெயர்கள். தெண்டி என்று எழுதியிருந்தார். தண்டம் என்னும் வடசொல்லின் சிதைவு என்று கருதிச் சுழித்திருக்கின்றேன்; அது ஒரு நீரோட்டத்தின் பெயர். கச்சான் என்று எழுதியிருந்தார். ஏதோ தெலுங்கு என்று ஓரத்தில் குறித்திருக்கின்றேன். மேல்காற்று என்று அகரமுதலியில் இருக்கின்றது, எடுத்துப் பார்க்கும் பொறுமை எனக்கில்லை. வாடையும் கொண்டலும் எழுதியிருந்த இடங்களில் மட்டும் சரி என்று குறியிட்டிருக்கின்றேன். அவை பழம்பாட்டில் வருவதனால் எனக்குத் தெரிந்திருந்தன. எனக்குத் தெரிந்தது தமிழ், தெரியாதது பிறமொழி. இதுவன்றோ நான் வைத்திருந்த அளவுகோல்!

எஞ்சியவை வடசொற்களே, அதில் ஐயமில்லை. சந்தோசம் என்று எழுதிய இடத்தில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தால் அக்கதை இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இக்கொள்கையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்குமாறு உங்களையும் கேட்கவில்லை. கதை சொல்கின்றவன் தன் குரலில் சொல்லும் இடத்தில் நல்ல தமிழ் இருக்க வேண்டும். கதைமாந்தர் பேசுகின்ற இடத்தில், மீன் விற்கும் பெண் மீன் விற்கும் பெண்ணாகவே பேசட்டும். இதற்குமேல் இதில் வழக்காட ஒன்றுமில்லை என்று இப்போது எண்ணுகின்றேன். நம்மவருள் இதனை ஏற்காதார் உண்டு, அவர் தம் மறுமொழியை இதழுக்கு எழுதட்டும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் கதையைப் படி. யார் அழுதார், ஏன் அழுதார் என்று அறி. உனக்கு அழுகை வந்ததா என்று சொல். அதன்பின் சொல்லைத் திருத்து. நான் திருத்தத்தை முதலில் வைத்தேன். இரண்டாவதற்கு இடமே வாராமற் போயிற்று. ஆங்கில அரசு தடைசெய்து ஒரு கதையை நிறுத்தியது. கரூர்ப் பக்கத்தில் அடித்து நிறுத்தப் பார்த்தார்கள். நான் ஒரு சிவப்பு மைக்கோலால் ஏழு கதைகளுக்குப் பின் வந்திருக்கக்கூடிய அத்தனையையும் நிறுத்தினேன்.

அவரை நேரில் கண்டு பேசினேன். முதலில் நகைத்தார். அப்போதே மறந்துவிட்டேன் ஐயா என்றார். மறந்தவர் வீட்டில் சுவடி ஏன் பெட்டியடியில் இருக்கின்றது என்று நான் கேட்கவில்லை. ஏழில் ஒரு கதையை இங்குப் படிக்க இசைவு கேட்டேன். சுழித்த சொற்களை என்ன செய்வீர் என்று கேட்டார். எழுதியவாறே படிப்பேன் என்றேன். நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவதைப் படியுங்கள் என்றார். இன்று வலைக்குப் போயிருக்கின்றார். காற்று ஒத்துவந்தால் கதை முடிவதற்குள் கரைக்கு வந்துவிடுவார் என்று அவர் தாயார் சொன்னார்கள்.

அந்தத் தங்கையார் முன்னே வந்து அமருங்கள். இக்கதையில் ஏரியில் கையால் இறால் தடவுகின்ற ஒரு பெண் வருகின்றார், அவர் பேச்சைச் சரியாக எழுதியிருக்கின்றாரா என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும். முதியவரும் அருகே வாருங்கள். பாடு குலுக்குகின்ற நாளொன்றும் இதில் வருகின்றது. பிடிக்காவிடில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். விளக்கைச் சற்று இப்பக்கம் திருப்புங்கள். பென்சிலால் எழுதியது, மங்கியிருக்கின்றது. மெல்லத்தான் படிக்க முடியும்.